மரைக்காயர் வீட்டுச் செமினே

போன மாதம் திவ்யா எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்திருக்கும் இஞ்சினியர் பெண் அவள். படத்தில் பெரிய ஹால் ஒன்று. சுவருக்குள் பதித்த நீளமான கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நெருப்பு எரிவதுபோல ஆரஞ்சு வெளிச்சம், மேலே டிவி. "அக்கா, ஒரு வீட்ல இதே மாதிரி கேக்குறாங்க. பழைய வீடு, சுவர வெட்டணும். நீங்க ஒண்ணு பண்ணியிருக்கீங்கன்னு சார் சொன்னாரு. கஷ்டமா?" என்று கீழே எழுதியிருந்தாள்.

பண்ணியிருக்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். மிச்சத்தை போனில் தட்டி முடியாது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கோவில்பத்து. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தேன். எங்கள் வகுப்பில் படித்த பெண்களில் பாதிப் பேர் கல்யாணமாகிப் போனார்கள். மீதிப் பேர் வரைபடம் போடும் வேலைக்குப் போனார்கள். நானும் வரைபடம் போடத்தான் அருளப்பன் சாரிடம் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் சின்ன அலுவலகம். சேர்ந்த வருஷமே சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்டார். "நீங்க போறீங்களா, மல்லிகாம்மா?" என்று சார் கேட்டார். போனேன். அப்புறம் ஓய்வு பெறும்வரை சைட்தான். முதலில் சைக்கிள், பிறகு மொபெட், கடைசியில் ஸ்கூட்டர். வாகனம் மாறியதே தவிர வேலை மாறவில்லை.

சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சித்தாள் வேலைக்கு வரும் பெண்களையும் "வாங்க, இத எடுங்க" என்பார். கோபம் வந்தால் பேசமாட்டார். ஆபத்து வந்தால் மட்டும் அவர் குரல் இன்னும் மெதுவாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழும். சட்டைப் பையில் இருக்கும் பேனாக்களை எடுத்துப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். குனியும்போது விழக்கூடாதாம். அவர் பேனாவை எடுத்தாலே பழகிய ஆட்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒரு தடவை காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடும் கொட்டகையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். உப்புக் காற்றில் தூணுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டைப் பிளந்து வெளியே தள்ளியிருந்தது. நாங்கள் போன நேரத்தில் ஏலம் மும்முரம். கூடைகளோடு நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். நான் பதறிப்போய் எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார் பேனாக்களை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து, ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் விலை சொல்லிக்கொண்டே மெல்ல வெளியே நடந்து மணலில் போய் நின்றார். கூட்டம் முழுவதும் கூடைகளோடு அவர் பின்னால் போனது. கொட்டகை காலியானதும் சார் என்னிடம் பேனாக்களை வாங்கிக்கொண்டார். கொட்டகை விழுந்தது அதற்கடுத்த வாரம். யாருக்கும் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் அவரிடம் உண்டு. ஏதாவது உடைந்தால், யார் செய்தது என்று அவர் முதலில் கேட்க மாட்டார். "யாருன்னு அப்பறம் பாக்கலாம். எதுன்னு இப்ப பாப்போம்" என்பார். எனக்கு ஆரம்பத்தில் இது பிடிக்காது. தப்பு செய்தவர் தப்பித்துப் போகிறாரே என்று இருக்கும். மரைக்காயர் வீட்டில்தான் அதன் அர்த்தம் புரிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முந்தி, ஐப்பசியில், அமீன் என்பவர் அலுவலகத்துக்கு வந்தார். துபாயில் வேலை. மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். ஊரில் மரைக்காயர் வீடு என்று சொல்லப்படும் தங்கள் பூர்வீக வீட்டின் ஹாலைக் கல்யாணத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்றார். "செமினேய மாத்தணும். அதுதான் மெயினு" என்றார். யாரோ ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் சுவரில் ஒரு கணப்பு அடுப்பு.

நம் ஊரில் எதற்குக் கணப்பு என்று எவருக்கும் தோன்றும். அமீனின் தாத்தாவுடைய அப்பா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அங்கே குளிரான மலையூர் ஒன்றில் பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்குத் துணி கொண்டுபோவாராம். அந்த வீடுகளின் ஹாலில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வந்து வீடு கட்டியபோது அதேபோல் ஒன்று கட்டச் சொல்லிவிட்டார். செமினே என்ற பிரெஞ்சுப் பெயரையும் அங்கிருந்தே கொண்டுவந்தார். அடைமழைக் காலத்தில் ஈரத்துணி காயவைக்க நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். மற்றபடி சாம்பிராணிப் புகைதான். நான் பார்த்தபோது அதற்குள் பழைய மிக்ஸியும், செருப்புப் பெட்டிகளும், ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றும் இருந்தன. மேலே செங்கல் வளைவு. அதன் இரண்டு பக்கமும் தடித்த கால்கள். உள்ளே எல்லாம் கரி.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். அமீனின் அக்கா சபுரா, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பி கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரை லாத்தா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். இன்னொருவர் அவர்களுடைய வாப்பா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, மாடி அறையிலேயே படுக்கை. கடல் காற்று வரும் என்று அந்த அறையை விட்டு இறங்க மாட்டேன் என்று இருந்தார். பேச்சு குழறும். ஆனால் நினைவு தெளிவு. அமீனின் மனைவியும் மகளும் அடுத்த தெருவில் தாய்வீட்டில் இருந்தார்கள்.

அமீனுக்குத் தேவை, திவ்யா அனுப்பிய படத்தில் இருப்பது போன்ற நீளக் கண்ணாடிப் பெட்டி. பழைய திறப்பு அதற்குப் போதாது. இரண்டு கால்களையும் ஒதுக்கி, வளைவை எடுத்துவிட்டு, திறப்புக்கு மேலே சுவரைத் தாங்க அகலமாக லிண்டல் போட வேண்டும். லாத்தா இதை விரும்பவில்லை என்று தெரிந்தது. கல்யாணம் முடிந்து நிதானமாகச் செய்யலாமே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தன் லீவு இத்தனை நாள்தான் என்று அமீன் சொன்னார்.

சார் வந்து பார்த்தார். ஹாலைப் பார்த்து முடித்தவுடன் மாடிக்குப் போனார், அப்புறம் மொட்டை மாடிக்கு. இறங்கி வந்து அமீனை உட்காரவைத்துச் சொன்னார். செமினே என்பது ஹாலில் தெரிகிற அடுப்பு மட்டும் இல்லை. அதன் செங்கல் தூண் மாடி அறை வழியாகப் போய் மொட்டை மாடிக்கு மேலே புகைபோக்கியாக நிற்கிறது. அத்தனை கனமும் இந்த வளைவு வழியாக இந்த இரண்டு கால்களில் இறங்குகிறது. அதோடு மாடித் தரையைத் தாங்கும் பெரிய தேக்கு உத்திரத்தின் ஒரு முனையையும் கட்டியவர்கள் இந்தத் தூணில்தான் செருகியிருக்கிறார்கள். பெரியவர் கட்டில் அந்த முனைக்கு நேர் மேலே இருக்கிறது.

"அதனால முதல்ல முட்டு, அப்பறம் வெட்டு" என்றார் சார்.

முறை இதுதான். உத்திரத்துக்குக் கீழே, தூணிலிருந்து சற்றுத் தள்ளி, இரும்பு ஜாக்கிகளை நிறுத்த வேண்டும். வெறும் தரையில் நிறுத்தினால் தரை உள்வாங்கும். கீழே கனமான பலகை போட வேண்டும். உத்திரத்துக்கும் ஜாக்கித் தலைக்கும் நடுவிலும் பலகை. ஜாக்கியைக் கையால்தான் திருக வேண்டும், குழாய் மாட்டி முறுக்கக் கூடாது. "தொடணும், தூக்கக் கூடாது" என்பார் சார். தூக்கிவிட்டால் அதுவே சுவரைப் பிளக்கும். அதன் பிறகு வளைவுக்கு மேலே சுவரில் துளையிட்டு, குறுக்கே இரும்புக் கட்டைகளை நுழைத்து, அவற்றின் இரண்டு முனையிலும் முட்டு. மேலே உள்ள கனம் முழுக்க முட்டுக்கு மாறிய பிறகுதான் கால்களைத் தொடலாம். அதுவும் மிஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும்தான். பழைய சுண்ணாம்புக் காரை அதிர்ச்சியைத் தாங்காது.

முதல் நாள் காலையில் முருகேசனையும் இரண்டு ஆட்களையும் வைத்து கரி படிந்த மேல்பூச்சை மட்டும் சுரண்டச் சொன்னேன். முருகேசன் நிரவியிலிருந்து வரும் ஆள், பிரேக்கர் மிஷின் ஓட்டுபவர். தரையில் பழைய சிமெண்டை எடுப்பதற்காக மிஷினும் வந்திருந்தது. எதுவரை சுரண்டலாம் என்று சாக்பீசால் கோடு போட்டுக் காட்டினேன். எங்கள் ஜாக்கிகள் கோட்டுச்சேரிமேட்டில் ஒரு சைட்டில் இருந்தன. அவற்றை ஏற்றிவர வேனோடு கிளம்பினேன்.

மத்தியானம் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. தரைக்கும் சுவருக்கும் சத்தம் வேறு. வேன் நிற்கும் முன் சத்தம் நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே போனேன். செமினேயின் இடது காலில் பாதிக்குமேல் காணோம். வெட்டிய இடத்திலிருந்து காரை சர்க்கரை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கையால் நிறுத்த முடியாத, சத்தமில்லாத கொட்டல். வளைவின் நடுச் செங்கல் இரண்டு விரலளவு கீழே இறங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு விரிசல் மேலே போய் உத்திரத்தின் முனையைத் தொட்டிருந்தது. முருகேசன் மிஷினைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். முகமெல்லாம் செங்கல் தூள். அமீன் கொஞ்சம் தள்ளி, காதில் போனோடு.

யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டு சாருக்கு போன் போட்டேன்.

"சார், இடது கால் போயிடுச்சு. வளைவு எறங்கியிருக்கு."

"மேல யாரு?"

"பெரியவரு. லாத்தா ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. சாப்பாட்டுக்கு இப்ப வந்துருவாங்க."

"நான் வர்றேன். உத்திரத்துக்கு முட்டுக் குடுங்க. மேல யாரும் ஏற வேணாம்."

வேனிலிருந்து ஜாக்கிகளை இறக்கினோம். பயந்துபோய் வெளியே நின்ற முருகேசன் தானாக உள்ளே வந்து பலகையைப் பிடித்தார். பலகை போட்டு, ஜாக்கியை நேர் நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, கையால் திருகினேன். தொடணும், தூக்கக் கூடாது. எத்தனையோ சைட்டில் செய்த வேலை. அன்று திருகும்போது உள்ளங்கை வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு திருகினேன். முதல் ஜாக்கி தொட்டது. இரண்டாவதும் தொட்டது. ஆனால் தூணோடு ஒட்டிய முனைக்குக் கீழே போக எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கேதான் செங்கல் உதிர்ந்துகொண்டிருந்தது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு பக்கமும் பிஓபி மாவைக் குழைத்து அப்பினேன். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். கண்ணுக்குத் தெரியாத அசைவை அது சொல்லிவிடும்.

சார் வந்தபோது லாத்தாவும் வந்துவிட்டார். அடுத்த தெருவிலிருந்து உறவுக்காரர்கள் நாலைந்து பேர் ஓடிவந்திருந்தார்கள். அமீன் அவர்களைக் கூட்டிக்கொண்டு கட்டிலோடு வாப்பாவைத் தூக்கிவரப் படியேறப் போனார். சார் படிக்குக் குறுக்கே போய் நின்றார். பேனாக்கள் அவர் பையில் இல்லை. எப்போது என் கைக்கு வந்தன என்று எனக்குத் தெரியவில்லை.

"அமீன் சார். அஞ்சு பேரு ஏறுனா… அஞ்சு பேரையும் சேத்து… அது தாங்கணும். பொறுங்க" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டிக் என்று, நகம் முறிவதுபோல. கண்ணாடி உடைந்துவிட்டது.

பெரியவரை இறக்காமல் அடியில் எந்த வேலையும் செய்ய முடியாது. ஆட்களை ஏற்றியும் இறக்க முடியாது. சார் என்னைப் பார்த்தார். மரத்தரையில் சின்ன உத்திரங்கள் பக்கச் சுவரிலிருந்து பெரிய உத்திரத்துக்கு வருகின்றன. ஆகவே பக்கச் சுவரோரம் எப்போதும் பலம். கட்டிலைத் தூக்கினால் கனம் நாலு காலடிகளில் விழும். ஜமக்காளத்தில் போட்டு இழுத்தால் பரவும். இதையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் யோசித்தோம். அவர் ஒரு வரி சொல்ல, நான் ஒரு வரி. எடை குறைந்தவர்கள் இரண்டு பேர் போதும் என்று முடிவானது.

"நான் போறேன்" என்றார் லாத்தா. பள்ளிக்கூடப் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி அமீனிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஏறினேன்.

அறை வாசல் தூணுக்கு எதிர்ப்பக்கம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு இரண்டு பேரும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு போனோம். கட்டில் பக்கம் தரையில் லேசான சரிவு. தண்ணீர்ச் சொம்பு ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து உருண்டு தூண் பக்கம் போய் நின்றிருந்தது. பெரியவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"வாப்பா, ரூமுக்கு வெள்ளையடிக்கணும். கீழ போயிருவோமா?" என்றார் லாத்தா.

"பொய்" என்றார் அவர். அது மட்டும் குழறாமல் வந்தது.

நான் சொன்னேன்: "ஐயா, கீழ சுவர் வெட்டுப்பட்டுருச்சு. தரை உங்க பக்கமா எறங்கலாம். எறங்காமலும் இருக்கலாம். எனக்கே தெரியல. ஆனா நீங்க இங்க இருக்கற வரைக்கும் நாங்க கீழ கை வைக்க முடியாது."

என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு நல்ல கையால் மகளைப் பிடித்துத் தள்ளினார். "நீ… மொதல்ல… போ."

"நீங்க இல்லாம நான் எறங்குனா ஒங்க மகளே இல்ல" என்றார் லாத்தா. சாதாரணமாகத்தான் சொன்னார், சோறு சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, கட்டிலிலிருந்து அவரைச் சரித்து இறக்கினோம். பெரிய உடம்புக்காரர். சுவரோரமாக இழுக்க ஆரம்பித்தோம். லாத்தா தலைப்பக்கம், நான் கால்பக்கம். பாதி தூரம் வந்திருப்போம். காலுக்குக் கீழே ஹாலில் எதுவோ பொத்தென்று விழுந்தது. தொடர்ந்து செங்கல் சரியும் சத்தம். தரை என் பாதத்தில் அதிர்ந்தது. இரண்டு பேரும் அப்படியே உறைந்துவிட்டோம். இழுக்கவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

"நிக்காதீங்க" என்றார் பெரியவர், கீழே கிடந்தபடியே.

அந்த ஒரு சொல்லில்தான் கை மறுபடி வேலை செய்தது. வாசலைத் தாண்டிப் படிக்கு வந்தோம். படிச்சுவர் தனி, அங்கே ஆட்கள் நிற்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகக் கீழே கொண்டுபோனார்கள். லாத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இறங்கிப் பார்த்தால் வளைவின் நடுச் செங்கல்கள் விழுந்து அடுப்புக்குள் குவிந்து கிடந்தன. அதற்கு மேலே இருந்த சுவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்ல முடியவில்லை. உத்திரம் என் இரண்டு ஜாக்கிகள்மேல் நின்றது. அதுவும் இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி இரண்டு வேலை. மேலே இருக்கிற கனத்தைக் குறைக்க வேண்டும். கீழே விழாமல் பிடிக்க வேண்டும். முருகேசனும் கொத்தனார் ஒருவரும் பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாக ஏறி, புகைபோக்கியை உச்சியிலிருந்து ஒவ்வொரு செங்கலாகப் பிரித்து, கூடையில் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இறக்கினார்கள். தட்டக் கூடாது, கையால் ஆட்டித்தான் எடுக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைத் தலைக்கு மேல் இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, அதற்கடியில் அவர்கள் பிரித்தார்கள்.

கீழே, அடுப்பின் வாய்க்குள் மரக்கட்டைகளை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி, மேல் சுவரைத் தொடும்வரை கூடு மாதிரி கட்ட வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே ஊர்ந்து போயாக வேண்டும். சார் செருப்பைக் கழற்றினார். அவருக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருந்தது. "சார், நீங்க வேணாம். நான் போறேன்" என்றேன்.

"நீங்க கண்ணாடியப் பாருங்க. ஒடஞ்சா சொல்லுங்க. எனக்கு உங்க கண்ணுதான் வேணும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து போனார்.

புதுக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருந்தேன். அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். கண் எரிந்து நீர் கோர்த்தது. இமைத்தால் அந்த நேரத்தில் உடைந்துவிடுமோ என்று இருந்தது. உள்ளேயிருந்து சாரின் கை மட்டும் வெளியே வரும். கட்டை ஒன்றை வைப்போம். கை உள்ளே போகும். தலைக்கு மேலே மொட்டை மாடியில் அவர்கள் நடக்கும் சத்தம். காரைத் தூள் அவர் முதுகில் விழுவது கேட்டது. கடைசியாக ஆப்பு ஒன்றைக் கேட்டார். இரண்டு தட்டு. பிறகு ஊர்ந்து வெளியே வந்தார். கண்ணாடி உடையவில்லை. பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்போது புகைபோக்கி மொட்டை மாடி மட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று மேலிருந்து குரல் வந்தது. சார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பேனாக்களைத் திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் "யாரு" என்ற கேள்வி வந்தது. சார் கேட்கவில்லை, உறவுக்காரர்கள் கேட்டார்கள். மழையில் நனைந்து இறங்கிவந்த முருகேசனைச் சூழ்ந்துகொண்டு, கோடு போட்டுக் கொடுத்த பிறகும் ஏன் வெட்டினாய் என்று பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சட்டையில் கை வைத்துவிட்டார். முருகேசன் அமீனை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கை தவறிடுச்சுங்க" என்றார். கால் பாதி போகும்வரை ஒருவருக்கும் கை தவறாது. அது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். அமீன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாத்தா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முருகேசனை மாற்றச் சொல்லி வீட்டுப் பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தது. எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்டுப்பட்டது என்பது அவருக்குத்தான் தெரியும், அவர் இல்லாமல் வேலை நடக்காது என்று நான் சொல்லிவிட்டேன். சாரும் அதையே சொன்னார். முருகேசன் வந்தார், தலை நிமிராமல் வேலை பார்த்தார். வீட்டுக்காரர்கள் யாரும் அவருக்கு டீ கொடுப்பதில்லை. லாத்தா மட்டும் தானே கொண்டுவந்து வைப்பார்.

முறையாகச் செய்ய வேண்டியதையெல்லாம் அதன் பிறகு செய்தோம். குறுக்கே இரும்புக் கட்டைகள், இரண்டு பக்கமும் முட்டு, புதுக் கால்கள், கான்கிரீட் லிண்டல். ஹால் முழுவதும் இரும்புக் காடாக நின்றது. நிக்காஹை ஹாலில் வைக்க சார் சம்மதிக்கவில்லை, மண்டபத்துக்கு மாற்றினார்கள். பெரியவரை நாற்காலியில் தூக்கிப்போய் முன் வரிசையில் உட்காரவைத்தார்களாம். அமீன் லீவை நீட்டித்துக்கொண்டு இருந்துவிட்டார். அவர் முதலில் ஆசைப்பட்ட கண்ணாடிப் பெட்டி பிற்பாடு அந்தச் சுவரில் ஏறத்தான் செய்தது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றியில்லை. முட்டுப் பிரித்த நாளைப் பற்றி.

கான்கிரீட் இறுகிய பிறகு ஜாக்கிகளைத் தளர்த்த வேண்டும். போட்டதைவிட எடுப்பதுதான் கஷ்டம். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கக் கூடாது. ஒன்றை அரைத் திருகு, எதிரில் இருப்பதை அரைத் திருகு, நிறுத்திக் காது கொடுத்துக் கேட்பது, விரிசல் இருந்த இடத்தைப் பார்ப்பது, மறுபடி. சாருக்கு முதுகுவலி. "நீங்களே எறக்குங்க மல்லிகாம்மா" என்று சொல்லிவிட்டு தெருப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பெரியவரைக் கீழ் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் ஹாலிலேயே இருந்து பார்ப்பேன் என்றார். அமீன் நானும் வாப்பாவோடு இருக்கிறேன் என்றார். ரெண்டு பேரும் வெளியே போகாமல் ஜாக்கியில் கை வைக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். பெரியவர் முறைத்தார். பிறகு அமீன் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன் வராந்தாவுக்குப் போனார். உள்ளே நானும் முருகேசனும் மட்டும்.

முதல் அரைத் திருகு. கேட்டோம். ஒன்றுமில்லை. எதிரில். கேட்டோம். உத்திரம் மெல்ல முனகியது. மரம் கனத்தை வாங்கிக்கொள்ளும் சத்தம் அது. முருகேசன் என்னைப் பார்த்தார். காத்திருந்தோம். நின்றுவிட்டது. மறுபடி திருகினோம். கண்ணாடியைப் பார்த்தேன், முழுசாக இருந்தது. இப்படியே மாற்றி மாற்றி. கடைசி ஜாக்கியின் தலைக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு தாளைச் செருகினேன், தடையில்லாமல் போனது. வீடு தன் காலில் நின்றது. முருகேசன் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சொல்வதற்காக நான் வராந்தாவுக்குப் போனேன். கதவருகிலேயே நின்றுவிட்டேன். அமீன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தான் வாப்பா வெட்டச் சொன்னேன். அந்த அம்மா வர்றதுக்குள்ள ஒரு பக்கம் முடிச்சுறலாம், நாள் மிச்சமாகும்னு. அந்த ஆளு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கத்துனேன்."

வார்த்தைகளைச் சேர்க்கப் பெரியவருக்கு நேரம் பிடித்தது.

"தெரியும்" என்றார். "மிஷின் சத்தத்துக்கு மேல… ஒன் சத்தம்தான்… மாடிக்குக் கேட்டுச்சு."

அமீன் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி என்ன?" என்றார் பெரியவர். "அவர்ட்ட… போய்ச் சொல்லு."

அமீன் எழுந்தபோதுதான் என்னைப் பார்த்தார். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒதுங்கி நின்றேன்.

"வீடு நின்னுடுச்சுங்க. உள்ள வரலாம்" என்றேன். "முருகேசன் அங்கதான் இருக்காரு."